பதினைந்தில் ஐந்து அப்பத்தாவுக்கு: காரைக்குடிப் பக்கத்து வாரிசுரிமை நிகழ்வு ஒன்று

வீடு ஐயா பெயரில் இருந்தது. ஐயா 2009-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் பட்டாவைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் வரவில்லை. மூத்த மகன் திருப்பூருக்குப் பிழைக்கப் போனார். நடு மகன் ஆத்தங்குடியில் பூக்கல் (பூ வேலைப்பாட்டுத் தரைக்கல்) பட்டறைக்கு வேலைக்குப் போனார். இளையவர் சரக்கு ஆட்டோ ஓட்டினார். ஒரே மகளைப் புதுக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டு வரி ரசீது மட்டும் வருடா வருடம் இறந்தவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது.

2023 நவம்பரில் நடு மகன் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து வீட்டிலேயே இறந்தார். மனைவியும் ஒன்பது வயது மகனும் இருக்கிறார்கள். அதே வீட்டில் அண்ணன் மகள் ஒருத்தியும் வளர்கிறாள். திருப்பூர் போன மூத்தவர் 2014-ல் இறந்து, அவர் மனைவியும் 2017-ல் இறந்துவிட, ஐயாவின் மனைவியான அப்பத்தாவிடம் வந்து சேர்ந்த பெண். நடு மகன் இறந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. ஆக ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதவைகள், அப்பா இல்லாத பையன், அப்பா அம்மா இருவருமே இல்லாத பெண். சம்பாதிக்கும் ஆள் என்று மிஞ்சியது இளையவர், அதாவது கொழுந்தன் ஒருவர்தான். பட்டா, பங்கு என்ற பேச்சு அப்போதுதான் அந்த வீட்டில் எழுந்தது.

வட்டச் சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலராக இந்தக் குடும்பத்தோடு கூடவே அலைந்தவள் நான். ஊரையும் பெயர்களையும் எழுதவில்லை. உறவுமுறை சொல்லியே எல்லாரையும் குறிப்பிடுகிறேன்.

பென்ஷன் கேட்டு வந்தவர்

நடு மகனின் மனைவி, அதாவது அந்த வீட்டு மருமகள், சொத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் வந்தது ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு. 2023 ஆகஸ்டிலிருந்து அது மாதம் 1,200 ரூபாய். இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்களாம். "ஏன்னு சொல்லலக்கா, பேப்பர் சரியில்லைன்னு மட்டும் சொன்னாங்க" என்றார்.

பேப்பர் உண்மையிலேயே சரியில்லைதான். கணவரின் இறப்புச் சான்றில் பட்டறையில் எல்லாரும் கூப்பிடும் பெயர் இருந்தது. ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் குலசாமி பெயர். கிராமங்களில் பிறப்பு, இறப்பைப் பதிபவர் கிராம நிர்வாக அலுவலர். அவரிடம் போய்த் தகவல் கொடுத்தவர் கொழுந்தன். அண்ணன் செத்த பதற்றத்தில் வாயில் வந்த பெயரைச் சொல்லியிருக்கிறார். வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை. மனைவியின் ஆதார் இன்னும் பிறந்த ஊர் முகவரியில், தகப்பனார் பெயரோடு இருந்தது. குடும்ப அட்டையிலோ அவர் பெயரே இல்லை. அப்பா வீட்டு அட்டையிலிருந்து பெயரை எடுக்காததால் இந்த வீட்டு அட்டையில் ஏறவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடம் இந்த வீட்டில் சமைத்துப் போட்டவர், அரசாங்கக் கணக்கில் இன்னொரு மாவட்டத்தில் கல்யாணமாகாத மகள்.

கல்யாணத்துக்கு என்ன சான்று என்று கேட்டால் அங்கேயும் இடித்தது. குன்றக்குடியில் 2012-ல் நடந்த கல்யாணம். தமிழ்நாட்டில் 2009 சட்டத்துக்குப் பிறகு எந்த மதத்தவரானாலும் திருமணத்தைப் பதிவுசெய்தாக வேண்டும், இவர்கள் செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் இது ஒரு வேடிக்கை. நகரத்தார் வீட்டுக் கல்யாணம் என்றால் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதி இரண்டு பக்கத்தாரும் கையெழுத்துப் போடுவார்கள், நகரக் கோயிலிலிருந்து மாலை வரும், கோயில் கணக்கில் அந்தத் தம்பதி ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, ஏறும். பதிவு என்ற விஷயத்தை அரசாங்கத்துக்கு முன்னாலேயே கைவசம் வைத்திருந்த ஊர் இது. அந்த வீடுகளுக்குத் தரை போட்டவரின் கல்யாணத்துக்கு மிஞ்சியதோ ஒரு பத்திரிகையும் வண்ணம் மங்கிய ஆல்பமும்தான்.

கைகொடுத்தது பையனின் பிறப்புச் சான்று. அரசு மருத்துவமனையில் பிறந்தவன் என்பதால் தாய் பெயரும் தகப்பன் பெயரும், அதுவும் சரியான முழுப் பெயர்கள், அதில் இருந்தன. திருமணப் பதிவு இல்லாத பெண்களிடம் நான் முதலில் கேட்பது இப்போதெல்லாம் குழந்தையின் பிறப்புச் சான்றைத்தான். அதை வைத்து ஆதார் முகவரியை மாற்றி, அப்பா வீட்டு அட்டையில் பெயரை நீக்கி, இங்கே சேர்த்தோம். சொல்ல ஒரு வரி, செய்யப் பல வாரம்.

இறப்புச் சான்றைத் திருத்தும் வேலைக்கு நான் கொழுந்தனைத்தான் போய்ப் பார்த்தேன். 1969-ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பதிவில் தவறு இருந்தால் திருத்த இடம் கொடுக்கிறது. விவரம் தெரிந்த இரண்டு பேர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இருவர் போதும். ஆனாலும் கொழுந்தனே ஒருவராக இருக்கட்டும் என்று நினைத்தேன். அண்ணன் பெயரைச் சரிசெய்யத்தானே என்று அவர் தயங்காமல் வந்தார். குடும்பத் தகராறில் யாரும் சண்டை போடாத தாள் ஒன்று எப்போதும் இருக்கும். அதை முதலில் எடுப்பதுதான் என் வழக்கம். எதிராளி ஒரு தடவை நம் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுத்த பேச்சு கொஞ்சம் இளகும்.

கருமாதி அன்று வாங்கிய கையெழுத்து

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஒரு நாள் மருமகள் மெதுவாக ஆரம்பித்தார். "அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தம் சாப்பிட்டுக் கிளம்பும் நேரம். "மதினி, பேங்க் வேலைக்கு வேணும்" என்று மூன்று இருபது ரூபாய்ப் பத்திரத்தாளை நீட்டியிருக்கிறார் கொழுந்தன். எழுதாத தாள். அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தவர் என்ன ஏது என்று கேட்காமல் மூன்றிலும் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வீடு தன் கையை விட்டுப் போய்விட்டது, மகனுக்கும் ஒன்றுமில்லை என்ற நினைப்பிலேயே இருந்திருக்கிறார். அதனால்தான் சொத்துப் பேச்சே எடுக்கவில்லை.

நான் பார்த்த அளவில், விதவையின் பங்கு கைநழுவுவது பெரும்பாலும் சாவு நடந்த முதல் மூன்று மாதத்தில்தான். பயம் அந்த நேரத்தில் உள்ளே நுழைந்துவிடுகிறது. சட்டப்படி அந்தத் தாள்களின் பலம் என்ன என்று பார்த்தால், வீட்டைப் பொறுத்தவரை ஒன்றுமே இல்லை. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் ஒருவர் தன் பாத்தியதையை விட்டுக்கொடுப்பதானால் அது 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி பதிவாக வேண்டும். சார்பதிவாளர் முன்னால் போய் நிற்காமல் விடுதலைப் பத்திரம் என்று எதுவும் நிற்காது. மகன் பங்கை விட்டுக்கொடுக்கவோ அவருக்கு அதிகாரமே கிடையாது. மைனரின் சொத்தை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ பெற்ற தாயானாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்கிறது 1956-ஆம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. மீறி எழுதினாலும், பையன் பதினெட்டு வயது ஆனபின் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்யலாம்.

ஆபத்து வேறு பக்கம் இருந்தது. வெற்றுத் தாளில் கையெழுத்து இருந்தால் நாளைக்கு அதில் "ஐந்து லட்சம் கடன் வாங்கினேன்" என்று எழுதிக்கொள்ளலாம். வீட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவருக்கு இது தோன்றவே இல்லை. குழுவின் வழக்கறிஞர் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்பினோம்: இன்ன தேதியில் எழுதாத மூன்று தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது, அதை வைத்து எந்த ஆவணம் வந்தாலும் என் கட்சிக்காரரைக் கட்டுப்படுத்தாது, தாள்களைத் திருப்பித் தரவும். இதற்கு அவர் ஒரு பைசா செலவழிக்கவில்லை. 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

நோட்டீஸ் போனதும் கொழுந்தன் கோபத்தோடு வந்தார். வரவேண்டும் என்றுதான் அனுப்பியதும். அவர் திருடர் இல்லை. கருமாதிச் செலவு முழுக்க அவர் தலையில் விழுந்தது. 2021-ல் மழையில் ஒழுகிய கூரையை மாற்றியதும் அவர்தான். ஆட்டோக் கடன் தவணை நின்றுபோய், வீட்டை வைத்துப் பணம் தர ஒரு ஃபைனான்ஸ்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். பட்டா அவர் ஒருவர் பெயரில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. "அண்ணி புள்ளைகளை நான் என்ன தெருவுலயா விடப்போறேன்?" என்றார். விடமாட்டார் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் தவணை கட்டாவிட்டால் ஃபைனான்ஸ்காரர் விடுவாரே.

நடுவில் ஒரு நல்லதும் நடந்தது. கணவரின் பேங்க் பாஸ்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 2023 மே மாதக் கடைசியில் 436 ரூபாய் கழித்திருந்தது கண்ணில் பட்டது. அந்தத் தொகையைப் பார்த்தால் எனக்கு உடனே கை நிற்கும். பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டின் ஒரு வருடப் பிரீமியம் அது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் இரண்டு லட்சம். கணக்குத் தொடங்கும்போது யாரோ படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. நாமினி இடத்தில் மனைவியின் வீட்டுப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் கொடுத்து, சில கேள்விகளுக்குப் பதில் எழுதி, பணம் வந்தது. வீட்டில் துக்கம் நடந்தவர்கள் தயவுசெய்து பாஸ்புத்தகத்தை வரி வரியாகப் பாருங்கள்: 436, 20 (இது விபத்துக் காப்பீடு), எல்ஐசி தவணை, எதுவானாலும். அந்த இரண்டு லட்சம் வந்த பிறகு அந்தப் பெண்ணின் குரலே மாறிவிட்டது. கொழுந்தன் கொடுக்கும் அரிசியை நம்பி இருக்கும் வரை பங்கு கேட்க யாருக்குத்தான் வாய் வரும்?

பெயரில்லாத பெண்

அண்ணன் மகளின் விஷயம் இதைவிடச் சிக்கல். அவளிடம் பிறப்புச் சான்றே இல்லை. பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் ஒரு ஜூன் தேதியைப் போட்டிருந்தார். எங்கள் ஊர்ப் பள்ளிப் பதிவேடுகளை நம்பினால் பாதி ஜனங்கள் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்கள்.

அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், பழைய புடவை மடிப்புக்குள் ஒரு தடுப்பூசி அட்டை இருந்தது. மூலைகள் நைந்து, மடிப்பில் கிழிந்து, திருப்பூர் அரசு மருத்துவமனை முத்திரையோடு. பிறந்த தேதி 2009 நவம்பர். பெயர் எழுதும் இடத்தில் "பெண் குழந்தை" என்று மட்டும். அந்தத் தேதியை வைத்துத் தேடினால் பதிவு இருந்தது. அதிலும் பெயர் இல்லை. மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பிறப்பு தானாகப் பதிவாகிவிடும், பெயரைப் பிறகு பெற்றோர் போய்ச் சேர்க்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமில்லை, அதற்குமேல் பதினைந்து வருடம் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். நாங்கள் அட்டையைக் கண்டெடுத்தபோது அந்தப் பதினைந்து வருடம் முடிய ஒரு வருடம்கூட இல்லை. பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலும் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சான்றிதழ் அச்சாகிவிட்டால் பிறந்த தேதியை மாற்றுவது பெரும்பாடு.

பெயரைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் தெரிவிக்கலாம் என்கிறது சட்டம். அப்பத்தா பாதுகாவலர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான், வளர்த்தால் மட்டும் சட்டத்தில் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. அதற்காகச் சிவகங்கையில் குழந்தைகள் நலக் குழு முன்னால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அப்பத்தா வரவே மாட்டேன் என்றார். "ஹோமுல புடிச்சுப் போட்டுருவாக தாயி, நான் அனுப்ப மாட்டேன்." இந்தப் பயம் பல வீடுகளில் இருக்கிறது, அதனாலேயே பெற்றோர் இல்லாத குழந்தைகள் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறார்கள். 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. குடும்பத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் குடும்பம்தான். இதை நான் சொல்லி அவர் நம்பவில்லை. பேத்தியே சொன்னாள்: "அப்பத்தா, நீ வரலைன்னாத்தான் புடிப்பாங்க." கிளம்பிவிட்டார்.

குழு அவளிடம் தனியாகப் பேசியது. யாரோடு இருக்க விருப்பம், பள்ளிக்குப் போகிறாயா, வீட்டில் அடிக்கிறார்களா. அப்பத்தாவின் பராமரிப்பிலேயே இருக்கலாம் என்று ஆணை வந்தது. அதன் நகலை வைத்துப் பிறப்புப் பதிவில் பெயர் ஏறியது, அதைக் காட்டிப் பள்ளியில் தேதி மாறியது, அப்புறம் ஆதார். இந்த வரிசை முக்கியம். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரே ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். பள்ளித் தேதியை வைத்து அவசரப்பட்டு அதை முதலில் மாற்றியிருந்தால் அந்த ஒரு வாய்ப்பும் போயிருக்கும்.

அடுத்தது அவள் தாயின் இறப்பு. தகப்பன் திருப்பூரில் மருத்துவமனையில் இறந்ததால் பதிவு இருந்தது. தாய் இறந்தது திருவாடானைப் பக்கம் பிறந்த வீட்டில். பாட்டனார் யாரிடமும் சொல்லாமல் எரித்துவிட்டார். செத்தவளுக்கு எதற்குச் சான்று என்று நினைத்திருக்கிறார். அந்தச் சான்று இல்லாமல் இந்தப் பெண் தாளில் பெற்றோர் இருவரையும் இழந்தவள் ஆகவில்லை. தாயின் வழியாக வரும் பங்கையும் காட்ட முடியாது.

இறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியரின் ஆணை வேண்டும். அதற்கு, அந்த ஊர்ப் பதிவேட்டில் இந்த இறப்பு இல்லை என்ற சான்று, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, சாவுக்கு வந்தவர்களின் வாக்குமூலம். இந்த ஒரு தாள்தான் மொத்த வேலையிலும் அதிக நாள் இழுத்தது. அங்கே ஓர் அலுவலகத்தில் கோப்பு காணாமல் போய், மறுபடி முதலிலிருந்து கொடுத்தோம். ஒரு புரோக்கர் ஆயிரக்கணக்கில் கேட்டார், இரண்டே வாரம் என்றார். பாட்டனாரும், வெட்டியான் வேலை பார்த்த முதியவரும் வந்து சொன்ன வாக்குமூலம்தான் கடைசியில் காரியத்தை முடித்தது. 2025 நடுவில் ஆணை கைக்கு வந்தது.

பதினைந்து கல்

இனி பங்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வீட்டில் உட்காரச் சொன்னேன். புதுக்கோட்டையிலிருந்து மகளும் வந்திருந்தார்.

அந்த வீட்டுச் சுவரோரம் ஆத்தங்குடிக் கற்கள் அடுக்கியிருக்கும். பட்டறையில் பூக்கல் போடும்போது கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சிமெண்டில் குழைத்த வண்ணத்தைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்புவார்கள். சூளையே கிடையாது, தண்ணீர்த் தொட்டியும் வெயிலும்தான். வண்ணம் கலங்கியது, விளிம்பு உடைந்தது எல்லாம் கழிசல். அப்படிக் கழித்ததை எல்லாம் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, என்றாவது ஒரு நாள் தரை போடலாம் என்று சேர்த்து வைத்திருந்தார். அதிலிருந்து பதினைந்து கல்லை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன்.

வீடு ஐயா தன் சம்பாத்தியத்தில் கட்டியது, நத்தம் பட்டா அவர் பெயரில். உயில் எழுதவில்லை. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மூன்று மகன்கள், மகள் என்று ஐந்து பேருக்கும் சம பங்கு. ஆளுக்கு மூன்று கல். மகளுக்கும் மூன்றுதான் என்றதும் புதுக்கோட்டைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூத்தவர் இறந்தபோது அவர் மூன்று கல்லும் அவர் மனைவி, மகள், தாய் மூவருக்கும் ஒவ்வொன்றாகப் போனது. பலருக்குத் தெரியாத இடம் இதுதான்: இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு, மனைவி மக்களோடு சமமாக நிற்பவர். பிறகு அந்த மனைவி இறந்தபோது அவரது ஒரு கல் மகளுக்கு. ஆகப் பெண்ணிடம் இரண்டு கல். நடு மகன் இறந்தபோது அவர் மூன்றில் மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று.

ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கல்லை அப்பத்தா பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தேன். கடைசியில் பார்த்தால் கொழுந்தன் முன்னால் மூன்று, மகள் முன்னால் மூன்று, பேத்தியிடம் இரண்டு, மருமகளிடம் ஒன்று, பேரனிடம் ஒன்று. அப்பத்தா முன்னால் ஐந்து. அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்டு முடிவு செய்யாத, மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிற கிழவிதான் மூன்றில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரி.

அப்பத்தா கல்லைப் பார்த்தார். "எனக்கு எதுக்குத் தாயி அஞ்சு? சாஞ்சுக்க ஒரு தூணு போதும்" என்றார்.

"ஆத்தாவோடது எனக்குத்தானே வரப்போகுது, நான்தானே வச்சுப் பாக்குறேன்" என்றார் கொழுந்தன்.

அதுவும் சரியில்லை. அப்பத்தா உயில் எழுதாமல் காலமானால், அவர் பங்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி நான்கு கிளையாகப் பிரியும்: இளைய மகன், மகள், மூத்தவர் மகள், நடு மகனின் மகன். கொழுந்தனுக்கு அதில் கால்வாசி. ஆனால் இதே கணக்கில் மருமகளுக்கு எதுவும் வராது. இறந்த மகனின் பிள்ளைகள் அந்த வரிசையில் இருக்கிறார்கள், இறந்த மகனின் மனைவி இல்லை. மாமியாரைப் பல வருடம் பார்த்துக்கொள்ளும் விதவை மருமகள்களுக்கு இது தெரிவதே இல்லை. மாமியார் விரும்பினால் எழுதிவைத்துத்தான் கொடுக்க முடியும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அப்பத்தா, "அப்ப நான் சும்மா உக்காந்து திங்கிறவ இல்லை" என்று சொல்லி வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். மருமகளுக்கும் மகனுக்கும் நடந்துகொண்டிருந்த சண்டை அன்றோடு உருமாறியது. இருவருமே அப்பத்தாவைத் தாண்டி ஒன்றும் செய்ய முடியாது என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. பெரிய வீடுகளில் ஒரு வளவுக்குப் பல டஜன் பங்காளிகள் இருந்து, ஒருவர் கையெழுத்துக்காகச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கடிதம் போட்டுக் காத்திருப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள். பங்கு என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கள் வீட்டிலும் அது உண்டு என்று காட்டினால் போதும்.

போடாத வழக்கு

பாகப்பிரிவினை வழக்குப் போடலாமா என்று மருமகளின் அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். மனை மூன்று சென்ட். பதினைந்தில் ஒன்று என்றால் 87 சதுர அடி. ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. பிரிக்க முடியாத வீட்டை நீதிமன்றம் விற்றுப் பணமாகத்தான் பிரிக்கும். அந்தப் பணத்தில் இந்த நான்கு பேருக்கு வேறு வீடு கிடைக்காது. தவிர, இரண்டு மைனர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பங்கைத் தொடும் எந்தச் சமரசத்துக்கும் நீதிமன்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். அவர்களுக்கு வேண்டியது விற்ற பணம் இல்லை, யாரும் வெளியே போகச் சொல்ல முடியாத கூரை.

அதனால் எடுத்தது சுருக்கமான வழி. ஐயா, மூத்தவர், அவர் மனைவி, நடு மகன் என நான்கு பேருக்கும் தனித்தனியே வாரிசுச் சான்று. வட்டாட்சியர் தருவது, இ-சேவையில் கட்டணம் 60 ரூபாய். அவற்றை வைத்து ஆறு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா. பட்டா சொத்துரிமையை முடிவு செய்யும் ஆவணம் இல்லைதான், வாரிசுச் சான்றும் அப்படித்தான். ஆனாலும் பட்டாவில் ஆறு பெயர் இருக்கும்போது ஒருவரை மட்டும் நம்பி எந்த ஃபைனான்ஸ்காரரும் பணம் தரமாட்டார். எங்களுக்கு வேண்டியது அந்தப் பூட்டுத்தான்.

கொழுந்தனின் கூரைச் செலவை ஒரு தாளில் எழுதிப் பெரியவர்கள் கையெழுத்திட்டார்கள்: எப்போதாவது வீட்டை விற்றால் அந்தத் தொகையைத் தங்கள் பங்குகளிலிருந்து முதலில் கழித்துக் கொடுப்பது, பிள்ளைகள் பங்கில் கைவைப்பதில்லை. இதைச் செய்யாமல் விட்டிருந்தால் அவர் கூட்டுப் பட்டாவுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாரா என்பது சந்தேகம். ஆட்டோக் கடனுக்கு மருமகளே காப்பீட்டுப் பணத்திலிருந்து ஒரு தொகை கைமாற்றாகக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "இருக்கட்டும்க்கா, நாளைக்கு என் மகனுக்கு சித்தப்பா வேணும்ல" என்றார். மூன்று பத்திரத்தாள்கள் மட்டும் இன்றுவரை திரும்பி வரவில்லை. தொலைந்துவிட்டது என்கிறார் கொழுந்தன். நோட்டீஸ் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அப்பத்தா தன் பங்கை உடனே எழுதிக்கொடுத்துவிடத் துடித்தார். தானப் பத்திரமாக எழுதினால் அன்றே கை மாறிவிடும். பிறகு மனம் மாறினாலும் திரும்ப எடுப்பது எளிதில்லை. ஐந்து கல் கையில் இருக்கும்வரைதான் அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மதிப்பு என்று எனக்குத் தோன்றியது. உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை அவருடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், முத்திரைக் கட்டணமும் கிடையாது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் நாளைக்குச் சந்தேகம் வராமலிருக்கச் சார்பதிவாளரிடம் பதிந்தோம். அதில் என்ன எழுதினார் என்பது அவர் விஷயம். கொழுந்தன் என்னிடம் கேட்டார், மருமகள் கேட்கவில்லை.

இப்போது

விதவை ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது. பெண்ணுக்கு மிஷன் வாத்சல்யாவின் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்த மனு வரிசையில் கிடந்தபோதே, 2025 செப்டம்பரில் அன்புக்கரங்கள் திட்டம் தொடங்கியது. பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000. தாயின் இறப்புச் சான்று அதற்குள் கைக்கு வந்திருந்ததால் முதல் முகாமிலேயே மனுக் கொடுக்க முடிந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றன. 2027 நவம்பரில் அவளுக்குப் பதினெட்டு முடியும். பட்டாவில் அவள் பெயரோடு இருக்கும் மைனர் என்ற குறிப்பை அப்போது எடுக்க வேண்டும். பையனுக்குப் பதினைந்து வயதானதும் ஆதாரில் கைரேகை புதுப்பிக்க வேண்டும். இரண்டையும் மருமகள் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.

புதுக்கோட்டைக்காரரின் மூன்று கல் அப்படியே இருக்கிறது. பொறந்த வீட்டுச் சொத்தைக் கேட்பதா என்று ஊரில் பேசுவார்கள் என்ற கூச்சம் ஒரு பக்கம். இத்தனை வருடம் சீர் என்று எதுவும் ஒழுங்காக வரவில்லை என்ற மனத்தாங்கல் ஒரு பக்கம். விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்லித் தம்பி மாதம் ஒரு தடவையாவது போன் செய்கிறாராம். "பார்ப்போம்டா" என்று சொல்லி வைத்துவிடுகிறாராம் அக்கா.